எங்கள் சுவரில் என்ன மாட்டுவது

1

பிரிகிட்டே என்னோடு ஒரே வார்டில் வேலை செய்கிறவர். போன வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை அவரைக் காபிக்குக் கூப்பிட்டிருந்தேன். சொந்த வீட்டுக்குக் குடிவந்து அன்றோடு ஒரு வருஷம். காரணத்தைச் சொன்னால் பெரிய பரிசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று சொல்லவில்லை. “சும்மா வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தெற்கே, உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணவர் சபேசன் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். மகள் தென்றலுக்குப் பதினைந்து வயது. மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஹாலில் நல்ல வெளிச்சம் வரும். சோபாவுக்கு எதிரே ஒரு பெரிய சுவர். இந்தச் சுவருக்காகவே இந்த வீட்டை வாங்கலாம் என்று பார்த்த அன்றே சபேசன் சொன்னார்.

பிரிகிட்டே ஷூவைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு சின்னப் பூந்தொட்டியோடு உள்ளே வந்தார். நின்று சுற்றிப் பார்த்தார். சோபா, சாப்பாட்டு மேஜை, டிவி. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். ஒரே ஒரு கடிகாரம்.

“இன்னும் பெட்டியெல்லாம் பிரிக்கவில்லையா? போன வாரம்தான் குடிவந்தீர்களா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உதவிக்கு வரட்டுமா என்கிற முகம்.

நான் பூந்தொட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தேன். தென்றல்தான் சோபாவில் சாய்ந்தபடியே ஜெர்மனில் சொன்னாள்: “நாங்கள் மினிமலிஸ்டுகள்.”

பிரிகிட்டே மரியாதையோடு தலையாட்டினார். தனக்கு அந்தக் கட்டுப்பாடு வராது என்றும், தன் வீட்டில் ஆணி அடிக்க இடமே இல்லை என்றும் சொன்னார். பிறகு வேறு பேச்சு. ரவா கேசரியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது வாசலில் நின்று, “அமைதியான வீடு” என்றார்.

அவர் போனபிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனசு சுருக்கென்றது தீரவேயில்லை. ஒரு வருஷம் வாழ்ந்த வீடு, நேற்று வந்து இறங்கினவர்கள் வீடு மாதிரி இருக்கிறது. நாளைக்கு நாங்கள் கிளம்பிப் போனாலும் இங்கே யார் இருந்தார்கள் என்று சுவர் சொல்லாது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அங்கே சுவர் என்றால் ஆணி. கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, பக்கத்து வீட்டில் சுத்தியல் கேட்பது.

இங்கே வாடகை வீட்டு ஒப்பந்தத்தில் சுவருக்கென்று தனி பாரா உண்டு. காலி செய்யும்போது ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து, வெள்ளை அடித்து, வந்தபோது இருந்த மாதிரியே கொடுத்துவிட்டுப் போகவேண்டும். நாங்கள் அந்தப் பாராவை அகராதி வைத்துப் படித்துப் பயந்துபோய், ஓட்டையே போடவேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஒரே ஒரு முறை தைரியம் வந்தது. முதல் குளிர்காலம். அம்மா ஞாபகமாகவே இருந்தேன். அம்மாவின் போட்டோ ஒன்றைப் படுக்கையறையில் மாட்டலாமா என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கேட்கப் போனேன். வாக்கியத்தை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் எதிரில் நின்றதும் ‘போட்டோ’ என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. “நான் என் அம்மாவைத் தொங்கவிட வேண்டும். அனுமதி உண்டா?” என்று கேட்டிருக்கிறேன்.

அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தார். “அம்மா என்ன தப்பு செய்தார்?” என்று கேட்டார்.

அன்றைக்குச் சிரிக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். போட்டோ டிராயருக்குள் போனது. அதற்குப் பிறகு மூன்று வாடகை வீடு மாறினோம். எந்தச் சுவரையும் தொடவில்லை.

அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் கடலூர், செம்மண்டலம். கத்தோலிக்கக் குடும்பம். பெயர் ஜெசிந்தா. சபேசன் சிதம்பரம், கோயிலுக்குக் கிழக்கே ஒரு சந்து. சென்னையில் இரண்டு பேரும் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கம். நான் கடலூரில் இறங்கிவிடுவேன். ஒரு நாள் அவரும் கடலூரிலேயே இறங்கினார். எங்கள் கல்யாணம் பதிவாளர் ஆபீசில் நடந்தது. என் அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். அம்மா வந்தார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. சபேசன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் நகராட்சி ஆபீசில் முகவரியைப் பதிய வேண்டும். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம். எனக்குக் கத்தோலிக்கம் என்று போட்டார்கள். அதற்குச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சபேசனுடைய மதத்துக்கு அவர்களிடம் சரியான எண் இல்லை என்று ‘இதர’ என்று போட்டார்கள். தென்றல் பிறந்தபிறகு அவளைப் பதியப் போனோம். குழந்தைக்கு என்ன என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டார். நான் சபேசனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். “காலியாக விடுங்கள்” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

3

பிரிகிட்டே வந்துபோன அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஏன் சபா, சொந்த வீடாகியும் நாம ஏன் ஒண்ணுமே மாட்டல?” என்று கேட்டேன்.

“நீ ஏதாச்சும் மாட்டுவன்னு பாத்தேன்.”

“நீ மாட்டுவன்னு நான் பாத்தேன்.”

அவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “ஒரு நடராஜர் படம் மாட்டணும்னு ஆசைதான். உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு உட்டுட்டேன்” என்றார்.

“உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னுதான் நானும் மாதா படத்த மாட்டல.”

“எனக்கென்ன ஒரு மாதிரி?”

“எனக்கு மட்டும் என்ன?”

இரண்டு பேருமே கோபப்படுகிற தொனியில்தான் பேசினோம். ஆனால் யார் மேல் கோபம் என்று இருவருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் ஒருத்தர் மனசு கோணக்கூடாது என்று ஒருத்தர் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து, கடைசியில் சுவரில் கடிகாரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கடிகாரத்துக்கு மதம் இல்லை.

தென்றல் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். நாங்கள் பேசியது அவ்வளவும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“அப்பா கபோர்டு கதவு உள்பக்கம் டான்ஸிங் சிவா இருக்கு. அம்மா கபோர்டு கதவு உள்பக்கம் வேளாங்கண்ணி மாதா இருக்கு. எனக்குச் சின்னதிலேருந்து தெரியும். ரெண்டு கதவையும் கழட்டி இங்க மாட்டிடுங்க. முடிஞ்சுது” என்றாள்.

எனக்குச் சபேசன் அலமாரிக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். சட்டை மடித்து வைக்கும்போது பார்த்திருக்கிறேன். அவருக்கும் என்னுடையது தெரிந்திருக்கும். ஆனால் மகளுக்குத் தெரியும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவள் கண்ணில் நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று நினைத்தால் கூச்சமாக இருந்தது. சாமியை ஒளித்துவைத்துக் கும்பிடுகிற அப்பா, அம்மா.

அன்றைக்கே இரண்டு படங்களையும் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தோம். இரண்டும் உள்ளங்கை அகலம்தான். அந்தப் பெரிய சுவரில் தபால்தலை ஒட்டின மாதிரி இருக்கும்.

“சாமி போதாது. உங்களுக்குப் பிடிச்சது என்ன? அழகுன்னு நீங்க நினைக்கிறது?” என்று தென்றல் கேட்டாள். பள்ளியில் ஓவியம் எடுத்துப் படிக்கிறாள். இந்த மாதிரிக் கேள்விகள் அவளுக்குச் சுலபமாக வருகின்றன.

அடுத்த வாரம் ஒரு பெரிய பர்னிச்சர் கடைக்குப் போனோம். படங்களுக்கென்று தனிப் பகுதி. நியூயார்க் பாலம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூழாங்கல், பனிக்காட்டில் ஒரு மான், ‘இல்லம்’ என்று மூன்று மொழியில் எழுதிய பலகை. நான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன். எதுவும் மோசமில்லை. எதுவும் என்னுடையதும் இல்லை. சிரமம் என்னவென்றால், என்னுடையது எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நோயாளிக்கு எந்தப் பக்கம் படுத்தால் சுகம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மகளுக்கும் கணவருக்கும் பிடித்தது பிடிக்காதது மனப்பாடம். என்னைப் பற்றி யாராவது கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வெறுங்கையோடு திரும்பினோம். “ஆகஸ்ட்ல ஊருக்குப் போறோம்ல, அங்க பாக்கலாம்” என்றார் சபேசன்.

4

செம்மண்டலத்தில் அம்மாவின் வீட்டில் சுவர் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. இயேசுவின் திரு இருதயப் படம், அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பு. மாலையோடு அப்பா. நான் நர்சிங் முடித்துத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ. நகைக்கடை, மளிகைக்கடை, பங்குக் கோயில் என்று காலண்டர் மட்டுமே மூன்று.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “உனக்கு எது வேணுமோ கழட்டிக்கிட்டுப் போயேன்” என்றார். சொல்லிவிட்டு, நான் எதைக் கழற்றுவேனோ என்று திரு இருதயத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் நானும் தென்றலும் அம்மாவும் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குப் போனோம். படம் பிரேம் போடும் கடை ஒன்றில் ஏறினோம். கடைக்காரர் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார்.

“சுவத்துல மாட்ட படம் வேணும்” என்றேன்.

“சாமி படமா, கல்யாணப் படமா, தவறினவுங்க படமாம்மா?”

“மூணும் இல்ல.”

அவர் கண்ணாடியை வெட்டுவதை நிறுத்தினார். “வேற என்னம்மா இருக்கு?” என்றார். உண்மையாகவே கேட்டார்.

தென்றலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே போய்விட்டாள். அவளைத் தேடிப் போனபோது, இரண்டு கடை தள்ளி ஒரு பாய்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடையில் கோரைப்பாய்களைச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒன்றை மட்டும் விரித்து, கதவின்மேல் தொங்கவிட்டிருந்தார்கள். பச்சைக் கோரைக்கு நடுவே கருஞ்சிவப்பில் பட்டை. ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. வெயில் அதன்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்பது எனக்குக் காதில் ஏறவில்லை. நான் அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் போட்டார்களோ, பட்டையின் கனத்துக்கு அது எவ்வளவு இருக்கவேண்டுமோ அவ்வளவே இருந்தது.

“எனக்கு இது புடிச்சிருக்கு” என்றேன்.

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது. விலை சல்லிசு என்றோ, நாள்பட உழைக்கும் என்றோ, சபேசனுக்குப் பிடிக்கும் என்றோ நான் சொல்லவில்லை.

“படுக்கவா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லம்மா. சுவத்துல மாட்ட.”

“பாயப் போயி சுவத்துல மாட்டிட்டு எங்கடி படுப்ப?”

“எங்ககிட்ட கட்டில் இருக்கு.”

“ஜெர்மனிக்காரங்க சிரிக்கப்போறாங்க. வந்தவுங்கள உக்கார வைக்கிற சாமானை ஆணியில தொங்கவிட்டிருக்கான்னு.” அம்மா சொல்லிக்கொண்டே போனார். ஆனால் கடைக்காரர் அதைச் சுருட்டும்போது, “ஓரம் பிரியாம பாத்துக் கட்டுப்பா, ரொம்ப தூரம் போவுது” என்று சொன்னதும் அவர்தான்.

5

சிதம்பரம் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். அங்கே என்னை யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. தென்றல் பிறந்தபிறகு போக்குவரத்து ஆரம்பித்தது. அத்தை, சபேசனின் அம்மா, எனக்குப் பிடிக்குமென்று கத்தரிக்காய் கொத்சு வைப்பார். மாமா, சபேசனின் அப்பா, பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என்னிடம் ஆஸ்பத்திரி விஷயங்களை ஆர்வமாகக் கேட்பார்.

ஆனால் அந்த வீட்டு ஹாலில் ஒரு சுவர் உண்டு. அதில் மூத்தவரான சபேசனின் அண்ணன் கல்யாணப் போட்டோ. அதை ஒட்டியே சபேசனின் தங்கை கல்யாணப் போட்டோ. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி மரச்சட்டம். நடுவில் பிறந்த சபேசனின் கல்யாணம் அந்தச் சுவரில் நடக்கவே இல்லை. ஒவ்வொரு முறை போகும்போதும், அந்தச் சுவருக்கு முதுகு காட்டுகிற நாற்காலியில்தான் நான் உட்காருவேன். இதை யாரும் கவனித்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த முறை சுவர் பைத்தியம் பிடித்துத் திரிந்த தென்றல், சாப்பிட்டு எழுந்ததும் அந்தப் போட்டோக்களுக்கு முன்னால் போய் நின்றாள். அவள் தமிழில் தயக்கத்துக்கான சொற்கள் இன்னும் வந்து சேரவில்லை.

“தாத்தா, பெரியப்பா மேரேஜ் இருக்கு. அத்தை மேரேஜ் இருக்கு. அப்பா அம்மா மேரேஜ் எங்க?”

சபேசன் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. அத்தை எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் தென்றலை அதட்ட வாயெடுத்தேன்.

“போட்டோ குடுத்தாதானேம்மா மாட்ட முடியும்” என்றார் மாமா.

அவர் பேத்தியைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“குடுப்பீங்க, குடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன் ஜெசி. அப்புறம் யோசிச்சேன். கல்யாணத்துக்கே வராதவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு போட்டோ குடுன்னு கேக்குறது? கேட்டு, நீங்க இல்லன்னு சொல்லிட்டா? அதான் பேசாம இருந்துட்டேன்.”

“நீங்க மாட்ட மாட்டீங்கன்னு நினைச்சோம்ப்பா” என்றார் சபேசன்.

“யார்ரா சொன்னது? நான் சொன்னனா?”

“நீங்க ஒண்ணுமே சொல்லலியே.”

“நீயும்தான் ஒண்ணும் சொல்லல.”

அத்தை வாசற்படியிலிருந்து, “அவ அந்த நாற்காலியிலேயே உக்கார்றது ஏன்னு எனக்கு எப்பவோ தெரியும்” என்றார். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. எழுந்துபோய் அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் கையில் சாம்பார் கரண்டி இருந்தது. அதோடேயே என் முதுகைத் தடவினார்.

எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் கிடையாது. சபேசனின் நண்பர் ஒருவர் சின்னக் கேமராவில் எடுத்தது ஒன்றே ஒன்று, சபேசனின் போனில் பத்திரமாக இருந்தது. ரிஜிஸ்டரில் நான் கையெழுத்துப் போடுகிறேன், தலை குனிந்திருக்கிறது. சபேசன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஓரத்தில் யாரோ ஒருவரின் அரைத் தோள்.

அன்றைக்கே மாமாவும் எங்களோடு கிளம்பி வந்தார். தெற்கு வீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்த இளைஞர் உற்சாகமாகிவிட்டார். “இந்தத் தோள எடுத்துடலாம் சார். பின்னாடி கோபுரம் போட்டுடலாம். ரெண்டு பேர் கழுத்துலயும் மாலை போட்டுக் குடுத்துடறேன். இது பதிவுக் கல்யாணம்னு யாராலயும் சொல்ல முடியாது.”

சபேசன் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா திரையைக் கிட்டத்தில் போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் அந்தக் கல்யாணத்தைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“இருந்ததப் போடுப்பா. இல்லாததெல்லாம் வேணாம்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “அந்தத் தோள் யாருது?” என்று கேட்டார்.

“சாட்சிக் கையெழுத்துப் போட்டவருப்பா.”

“அவரு இருக்கட்டும். அவராச்சும் வந்தாரே.”

மரச்சட்டம் அதே மாதிரி கிடைக்க இரண்டு கடை ஏறி இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தார். மூத்தவரின் போட்டோவுக்கும் தங்கையின் போட்டோவுக்கும் நடுவில் இடமில்லை. ஓரமாக மாட்டிவிடலாம் என்று சபேசன் சொன்னார்.

“பொறந்த வரிசைப்படி வரணும்” என்று மாமா சொல்லிவிட்டார்.

தங்கையின் போட்டோவைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அந்தச் சதுரத்தின் ஆணியில் எங்கள் படம் ஏறியது. தங்கைக்குத் தள்ளிப் புது ஆணி. சபேசன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நான் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடுவாரோ என்று. காரை கொஞ்சம் உதிர்ந்து என் தலையில் கொட்டியது.

தென்றல் எதிரே நின்று போனில் எதையோ வைத்து மட்டம் பார்த்தாள். “தாத்தா, லெப்ட் சைடு கொஞ்சம் மேல. இல்ல, ஜாஸ்தி. கீழ. இன்னும் கொஞ்சம்.”

“உங்க அப்பன்கூட என்ன இப்பிடி வேல வாங்குனதில்ல” என்று சொல்லிக்கொண்டே மாமா நகர்த்தினார். அத்தை முந்தானையால் மூன்று கண்ணாடிகளையும் வரிசையாகத் துடைத்தார். எங்களுடையதைத் துடைக்க மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது நான் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தை டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

6

மியூனிக் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பாய்க்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

“இது என்ன?”

“பாய்” என்றேன்.

“யோகாவுக்கா?”

“இல்லை. சுவருக்கு.”

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். தினமும் எத்தனையோ பார்க்கிறவர். போகலாம் என்று கையைக் காட்டினார்.

வீட்டில் சனிக்கிழமை காலைவரை காத்திருந்தோம். இங்கே ஞாயிற்றுக்கிழமை சுவரில் ட்ரில் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மணியடித்துவிடுவார். தென்றல்தான் எல்லாவற்றையும் நடத்தினாள். முதலில் மாட்டவேண்டியதையெல்லாம் தரையில் பரப்பச் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, கழற்றி, மறுபடியும் ஒட்டினாள். பெரியது நடுவில்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் பாயை இடதுபக்கமாகத் தள்ளினாள். அப்படித் தள்ளியதும்தான் அந்த மஞ்சள் கோட்டுக்கு மூச்சு வந்தது.

மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துச் சபேசன் பாயை ஏற்றினார். அதன் வலதுபக்கம் நடராஜரும் மாதாவும், சின்னப் படங்களாகவே, ஒரே உயரத்தில். டிராயரிலிருந்த அம்மாவின் போட்டோ. சிதம்பரத்தில் மாட்டிய கல்யாணப் படத்தின் இன்னொரு பிரதி. மாமாவும் அத்தையும் வாசலில் நிற்பதைத் தென்றல் எடுத்திருந்த படம் ஒன்று. கடிகாரத்தைச் சமையலறைக்கு மாற்றினோம்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். சுவரை முழுக்கக் காட்டச் சொன்னார். பாயைப் பார்த்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “பட்டுப்பொடவ விரிச்ச மாதிரி இருக்குடி” என்றார். பிறகு, “என் போட்டோவ இன்னும் கொஞ்சம் மாதா பக்கத்துல தள்ளி மாட்டக்கூடாதா?” என்று கேட்டார்.

எல்லாம் முடிந்து பார்த்தபோது, வலதுபக்கக் கடைசியில் கதவளவுக்கு இடம் காலியாக இருந்தது. செய்தித்தாள்கூட ஒட்டாமல் தென்றல் அதை விட்டுவைத்திருந்தாள்.

“இங்க என்னடா வரும்? உன் டிராயிங் எதாச்சும் மாட்டலாமே” என்றேன்.

“இது எனக்கு. இப்ப இல்ல.”

“எப்ப?”

அவள் தமிழில் தேடினாள். கிடைக்காமல் ஜெர்மனுக்குப் போனாள். மறுபடி தமிழுக்கு வந்தாள். “உங்களுக்கு உங்களுது தெரியும். இப்பதான் தெரிஞ்சுது, ஆனா தெரியும். எனக்கு என்னுது என்னன்னு இன்னும் தெரியலம்மா. தெரிஞ்சா மாட்டுறேன். அதுவரைக்கும் நீங்க எதாவது வெச்சு அத ஃபில் பண்ணக்கூடாது.”

எனக்குக் கை பரபரத்தது. ஞானஸ்நானம் கொடுக்காத, காது குத்தாத பிள்ளை. ஊரில் இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். இந்த இடத்தையாவது எதையாவது வைத்து நிரப்பிவிடு என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. அவளோ சாதாரணமாக மீந்த செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தோழியைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் சமையலறையில் இருந்தபோது ட்ரில் சத்தம் மறுபடியும் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், சபேசன் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் ஸ்டூலில் நிற்கிறார். சுவரில் ஒரு புது ஓட்டை. கான்கிரீட் பொடி தரையெல்லாம்.

“அவதான் ஒண்ணும் வெக்கக்கூடாதுன்னு சொன்னாளே சபா.”

“நான் ஒண்ணும் வெக்கல.” ஓட்டையில் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, கையாலேயே ஒரு ஸ்க்ரூவைத் திருகினார். விரலால் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற மாதிரி இழுத்தார். அசையவில்லை.

“பெரிய ஸ்க்ரூவா போட்டிருக்கேன் ஜெசி. அவ எதக் கொண்டாந்து மாட்டினாலும் தாங்கும்.”